முதல் போட்டது யார்?

(இளைஞர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உங்களில் பலர் வணிகர்கள். கடையும் கல்லாவும் உங்களுக்குத் தெரிந்த பாடம். அதனால் வணிகருக்குப் புரியும் ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன். ஒரு கடை நன்றாக ஓடி லாபம் வரத் தொடங்கிய பிறகு சொந்தம் கொண்டாடி வருகிறவர்களுக்குக் குறைவே இல்லை. மாலையோடு வருவார்கள். பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். ஆனால் அந்தக் கடை வெறும் இடமாக இருந்த நாளில், வியாபாரம் ஓடுமா படுக்குமா என்று யாருக்கும் தெரியாத நாளில், முதல் போட்டது யார்? அந்த மனிதரின் பெயரை நாம் கேட்கிறோமா?

இன்று ஒரு விளையாட்டு வீரரின் வாழ்க்கையை இந்தக் கேள்வியை வைத்துத்தான் சொல்லப்போகிறேன். சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலு. 2016ஆம் ஆண்டு பிரேசில் நாட்டின் ரியோ நகரில் நடந்த பாராலிம்பிக் போட்டியில் உயரம் தாண்டுதலில் தங்கம் வென்றவர். பெயர் உங்களுக்குப் புதிதல்ல. அன்று நாடே கை தட்டியது. நாமும் தட்டினோம்.

2 கோடியும் 3 லட்சமும்

தங்கம் வென்றதும் தமிழக அரசு 2 கோடி ரூபாய் பரிசு அறிவித்தது. மத்திய அரசு 75 லட்சம் ரூபாய் அறிவித்தது. நல்ல காரியம். வரவேற்க வேண்டியது. ஆனால் அதே நாட்களில் பத்திரிகைகளில் இன்னொரு கணக்கும் வெளிவந்தது. இந்தப் பிள்ளையின் காலுக்கு வைத்தியம் பார்க்க அவருடைய தாயார் சரோஜா 3 லட்சம் ரூபாய் கடன் வாங்கியிருந்தார். மகன் தங்கம் வென்றபோதும் அந்தக் கடன் தீர்ந்திருக்கவில்லை.

சகோதரர்களே, இந்த இரண்டு தொகையையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பதக்கத்துக்குப் பின்னால் 2 கோடி ஓடி வந்தது. பதக்கத்துக்கு முன்னால், பச்சைப் பிள்ளை காலில் அடிபட்டுக் கிடந்தபோது, 3 லட்சம் கொடுத்துக் கைதூக்கி விட அந்தக் குடும்பத்தைத் தேடி யாரும் வரவில்லை. இதுதான் நம் நாட்டின் வழக்கம். காய்த்த மரத்துக்கு எல்லோரும் வேலி கட்டுவோம். கன்றுக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் இருக்காது.

என்ன நடந்தது?

மாரியப்பன் பிறந்தது 1995 ஜூன் மாதம். ஐந்து வயதில் ஒரு நாள் காலையில் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போய்க்கொண்டிருந்தார். ஒரு பேருந்து வந்து மோதியது. வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கியது. ஓட்டுநர் குடித்திருந்தார் என்று மாரியப்பனே பிற்பாடு பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். உடம்பு வளர்ந்தது, அந்தக் கால் மட்டும் வளரவில்லை. தன்னுடைய அந்தக் காலுக்கு இன்னும் ஐந்து வயதுதான் என்று அவர் சொல்வதுண்டு.

குடும்பம் வழக்குத் தொடுத்தது. ஆண்டுக்கணக்கில் நடந்தது. கடைசியில் கிடைத்த இழப்பீடு 2 லட்சம் ரூபாய் என்றும், அதில் பாதி வழக்குச் செலவுக்கே போய்விட்டது என்றும் அன்றைய செய்திகள் கூறின. ஒரு பிள்ளையின் காலுக்கு நீதி கிடைக்க எத்தனை ஆண்டு! கிடைத்த பிறகு கையில் நின்றது எவ்வளவு! நீதிமன்ற வாசலில் நின்று பழகிய உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

முதலாவது பங்கு: தாய் போட்ட முதல்

தந்தை குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். பிள்ளைகளை வளர்க்கும் பாரம் தாயின் தலையில் விழுந்தது. சரோஜா செங்கல் சுமந்தார். பின்பு காய்கறி வாங்கித் தெருவில் விற்றார். நாள் வருமானம் 100 ரூபாய் அளவுதான் என்று எழுதினார்கள். மாதம் 500 ரூபாய் வாடகையில் ஒரு வீடு.

வணிகர்களே, நீங்களே கணக்குப் போடுங்கள். நாளுக்கு 100 ரூபாய் சம்பாதிக்கிற ஒரு பெண் 3 லட்சம் கடனை அடைக்க எத்தனை நாள் ஆகும்? 3,000 நாள். எட்டு ஆண்டுக்கு மேல். அதுவும் ஒரு வேளை கூடச் சாப்பிடாமல், வாடகை கொடுக்காமல், பிள்ளைகளுக்கு ஒரு சட்டை எடுக்காமல் இருந்தால்! எந்த வங்கி அதிகாரியும் இந்தக் கணக்கைப் பார்த்துக் கடன் கொடுக்க மாட்டார். ஆனால் அந்தத் தாய் வாங்கினார். வாங்கிப் போட்டார். பிள்ளைக்கு.

அதைவிடப் பெரிய காரியம் ஒன்றையும் செய்தார். இதைக் கவனியுங்கள். பள்ளிக்கூடம் போகிற வழியில் அடிபட்ட பிள்ளையை அவர் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தவில்லை. “இனி இவன் வெளியே போய் என்ன ஆகப்போகிறது? வீட்டோடு கிடக்கட்டும்” என்று சொல்லியிருந்தால் ஊரில் ஒருவரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். பாவம் என்று சொல்லிப் போயிருப்பார்கள். அவர் அப்படிச் செய்யவில்லை. பிள்ளை பள்ளிப் படிப்பை முடித்தார். சேலத்தில் கல்லூரியில் சேர்ந்து வணிக நிர்வாகம் படித்துப் பட்டம் பெற்றார். படிப்புக்கு இடையே காலையில் வீடு வீடாகப் பத்திரிகை போட்டார். கட்டட வேலைக்குப் போனார். நாளுக்கு 200 ரூபாய் கூலி. கால் சரியில்லாத பிள்ளை உழைக்கத் தயாராக இருந்தார். உழைப்பதற்குக் கால் மட்டும் போதும் என்று நினைத்திருக்கிற நமக்கு இது பாடம்.

இரண்டாவது பங்கு: ஆசிரியரின் கண்

பள்ளிக்கூடத்தில் மாரியப்பனுக்குப் பிடித்த விளையாட்டு கைப்பந்து. வளராத காலோடு வலைக்கு மேலே எழும்பி அடித்துக்கொண்டிருந்த அந்தப் பையனை உடற்பயிற்சி ஆசிரியர் ராஜேந்திரன் பார்த்தார். கால் குறையாக இருக்கிறதே என்று எல்லோரும் பார்த்த இடத்தில், எவ்வளவு உயரம் எழும்புகிறான் என்று அவர் பார்த்தார். உயரம் தாண்டப் பழகு என்று திருப்பிவிட்டார்.

14 வயதில் முதல் போட்டி. எதிரில் நின்றவர்கள் எல்லாம் இரண்டு காலும் நன்றாக உள்ள மாணவர்கள். மாரியப்பன் இரண்டாவதாக வந்தார்! அன்றுவரை அந்தப் பையன் எப்படிப்பட்டவன் என்று ஊருக்குத் தெரியாது. அன்று தெரிந்தது.

அரசுப் பள்ளி உடற்பயிற்சி ஆசிரியரின் கையில் என்ன இருக்கிறது? ஒரு விசில். ஒரு பழைய பந்து. மணல் குழி ஒன்று. அவர் போட்ட முதல் பணம் அல்ல, பார்வை. பணமே இல்லாதவரும் போடக்கூடிய முதல் அது. “என்னிடம் என்ன இருக்கிறது கொடுப்பதற்கு?” என்று கேட்கிற இளைஞர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது பங்கு: பயிற்சியாளர் திறந்த வழி

2013இல் தேசிய அளவில் நடந்த மாற்றுத்திறனாளிகள் தடகளப் போட்டியில் பயிற்சியாளர் சத்யநாராயணா மாரியப்பனைக் கண்டார். 2015இல் பெங்களூருக்கு அழைத்துச் சென்று முறையான பயிற்சி கொடுத்தார்.

அந்த ஆண்டில் இந்த விளையாட்டின் நிலைமை நம் நாட்டில் எப்படி இருந்தது தெரியுமா? 2015 மார்ச்சில் உத்தரப் பிரதேசத்தின் காசியாபாத்தில் தேசியப் போட்டி நடந்தது. சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம் இல்லை. மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தக்கூடிய கழிப்பறை இல்லை. வீரர்கள் தரையில் படுத்துத் தூங்கினார்கள். படங்கள் வெளிவந்து நாடு தலைகுனிந்தது. சர்வதேச பாராலிம்பிக் கமிட்டி இந்தியக் கமிட்டியையே தற்காலிகமாக நீக்கி வைத்தது. 2016இல்தான் அந்தத் தடை விலகியது. கூரையே ஆடிக்கொண்டிருந்த வீட்டில் இருந்துகொண்டுதான் இந்தப் பிள்ளைகள் பயிற்சி எடுத்தார்கள்.

2016இல் துனிசியா நாட்டில் நடந்த போட்டிக்கு மாரியப்பன் போனார். ரியோவுக்குத் தகுதி பெறத் தாண்ட வேண்டிய உயரம் 1.60 மீட்டர். அவர் தாண்டியது 1.78 மீட்டர். வாசல் திறந்துவிட்டது.

ரியோவில் நடந்தது

அந்தப் போட்டியின் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கால் குறைபாட்டின் தன்மையை மருத்துவர்களும் வல்லுநர்களும் சோதித்து, ஒத்த நிலையில் உள்ளவர்களை ஒரே பிரிவில் சேர்ப்பார்கள். மாரியப்பனின் பிரிவுக்கு டி42 என்று பெயர். எதிரில் இருப்பவரும் ஏறத்தாழ அதே அளவு பாதிப்போடு நிற்பவர்தான். ஆகவே பரிதாபத்துக்கு அங்கே இடமில்லை. கம்பியைச் சிறிது சிறிதாக உயர்த்திக்கொண்டே போவார்கள். தொடர்ந்து மூன்று முறை தவறினால் வெளியேற வேண்டும். கம்பிக்கு யார் மேலும் இரக்கம் கிடையாது.

அமெரிக்காவின் சாம் குரூவும், நம் நாட்டின் வருண் சிங் பாட்டியும் 1.86 மீட்டரோடு நின்றார்கள். மாரியப்பன் 1.89 மீட்டரைத் தாண்டினார். நம் கணக்கில் ஆறடி இரண்டு அங்குலத்துக்கு மேல். இங்கே உயரமான ஒருவரை எழுந்து நிற்கச் சொல்லி, அவர் தலைக்கு மேலே போவதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு காலை நம்பி!

பாராலிம்பிக்கில் இந்தியாவுக்குக் கிடைத்த மூன்றாவது தங்கம் அது. முதலாவது 1972இல் முரளிகாந்த் பெட்கர் நீச்சலில் வென்றது. 1965 போரில் குண்டடிபட்ட ராணுவ வீரர் அவர். இரண்டாவது 2004இல் ஏதென்ஸில் தேவேந்திர ஜஜாரியா ஈட்டி எறிதலில் வென்றது. சிறு வயதில் மின்சாரம் தாக்கி ஒரு கையை இழந்தவர். முதல் தங்கத்துக்கும் இரண்டாவது தங்கத்துக்கும் இடையே 32 ஆண்டு. அத்தனை ஆண்டிலும் இந்த நாட்டில் திறமை உள்ள பிள்ளைகள் பிறக்கவில்லையா? பிறந்தார்கள். முதல் போட ஆளில்லை.

அதே ரியோவில் மலேசியாவும் தன் முதல் பாராலிம்பிக் தங்கத்தைப் பெற்றது. மூளை முடக்குவாதத்தோடு பிறந்த முகமது ரிட்சுவான் புசி 100 மீட்டர் ஓட்டத்தில் வென்றார். ஒலிம்பிக் வீரருக்கு உரிய அதே பரிசை மலேசிய அரசு அவருக்கும் கொடுத்தது. ஓட்டத்தில் வேறு பிரிவு இருக்கலாம். மதிப்பில் வேறு பிரிவு வேண்டாம் என்று அந்த நாடு காட்டியது.

வந்த பணத்தில் மாரியப்பன் என்ன செய்தார்? தான் படித்த பள்ளிக்கூடத்துக்கு 30 லட்சம் ரூபாய் கொடுப்பதாக அறிவித்தார். பரிசு கைக்கு வந்ததும் முதல் போட்ட இடத்தை நினைத்தார். நம்மில் எத்தனை பேர் நாம் படித்த பள்ளிக்கூடத்தின் வாசலை மிதித்திருக்கிறோம்? அவரவர் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாலை வாடிய பிறகு

பொதுவாக இத்தகைய கதைகளைத் தங்கப் பதக்கத்தோடு முடித்துவிடுவார்கள். நான் முடிக்கப்போவதில்லை. அதன் பிறகுதான் இளைஞர்களுக்கான பாடம் இருக்கிறது.

2017இல் பத்மஸ்ரீ, அர்ஜுனா விருதுகள் வந்தன. 2018இல் ஜகார்த்தாவில் ஆசிய பாரா விளையாட்டுப் போட்டி. மாரியப்பன் தாண்டியது 1.67 மீட்டர். ரியோவைவிட 22 சென்டிமீட்டர் குறைவு! கிடைத்தது வெண்கலம். 2019இல் துபாயில் உலகப் போட்டி, அங்கேயும் வெண்கலம். மாலை போட்டவர்களில் பலர் அப்போது அருகில் இல்லை. கடை கொஞ்சம் சுணங்கினால் வந்துபோகிறவர்கள் குறைவதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அதேதான்.

அவர் மைதானத்தை விடவில்லை. 2020இல் கேல் ரத்னா விருது. கொரோனாவால் தள்ளிப்போன டோக்கியோ போட்டி 2021இல் நடந்தது. தொடக்க விழாவில் இந்தியக் கொடியை ஏந்திச் செல்ல வேண்டியவர் அவர்தான். விமானத்தில் உடன் வந்த ஒருவருக்குத் தொற்று இருந்ததால் அந்த வாய்ப்பு கைநழுவியது. போட்டி நாளில் மழை. பாதித்த காலில் போட்டிருந்த காலுறை நனைந்து ஊறிவிட்டது. அதனால் தாண்டச் சிரமமாக இருந்தது என்று பிற்பாடு சொன்னார். அப்படியும் 1.86 மீட்டர் தாண்டி வெள்ளி வென்றார். அந்த ஆண்டே தமிழக அரசு அவருக்குத் தமிழ்நாடு காகித நிறுவனத்தில் விற்பனைப் பிரிவில் துணை மேலாளர் பணி கொடுத்தது. காய்கறி விற்ற தாயின் மகன் விற்பனைப் பிரிவில் அதிகாரியானார்.

2023இல் சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய பாரா விளையாட்டில் 1.80 மீட்டர் தாண்டி வெள்ளி. 2024 மே மாதம் ஜப்பானின் கோபே நகரில் உலகப் போட்டியில் 1.88 மீட்டர், தங்கம். அதே ஆண்டு செப்டம்பரில் பாரிஸ் பாராலிம்பிக்கில் 1.85 மீட்டர், வெண்கலம். அமெரிக்காவின் எஸ்ரா ஃபிரெச் 1.94 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். சிறு வயதில் போலியோவால் கால் பாதிக்கப்பட்ட பீகார் இளைஞர் சரத் குமார் 1.88 மீட்டரில் வெள்ளி வென்றார்.

தங்கம், வெள்ளி, வெண்கலம். இறங்குமுகம் என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. தொடர்ந்து மூன்று பாராலிம்பிக்கில் பதக்கம் வென்ற முதல் இந்தியர் அவர். எட்டு ஆண்டுக் காலம் உலகின் முதல் மூன்று பேரில் ஒருவராக நிற்பது சாதாரண காரியமா? ஒரு பண்டிகைக்கு நன்றாக வியாபாரம் செய்தவரை நாம் பெரிய வணிகர் என்று சொல்வதில்லை. நல்ல ஆண்டும் கெட்ட ஆண்டும் பார்த்து, கடையை மூடாமல் நின்றவரைத்தான் சொல்கிறோம்.

ஒரு கேள்வி எழும்

“எல்லாப் பிள்ளையும் மாரியப்பன் ஆகிவிட முடியுமா?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆக முடியாது. ஆக வேண்டிய அவசியமும் இல்லை.

2011 மக்கள்தொகைக் கணக்குப்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2 கோடியே 68 லட்சம் பேர். தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 11 லட்சத்து 80 ஆயிரம் பேர். ரியோவில் நம் நாடு பெற்ற பதக்கம் 4. டோக்கியோவில் 19. பாரிஸில் 29. எட்டே ஆண்டில் 4 என்பது 29 ஆனது. இதற்குக் காரணம் திடீரென்று திறமை பெருகியதல்ல. பயிற்சிக்கும் கருவிக்கும் பயணத்துக்கும் பணம் போட்டார்கள், பலன் வந்தது. பாரிஸில் பதக்கம் வென்றவர்களில் நம் தமிழ்நாட்டுப் பெண் பிள்ளைகள் மூன்று பேர்: துளசிமதி, மனிஷா, நித்யஸ்ரீ. மூவரும் இறகுப்பந்து விளையாட்டில் வென்றார்கள். பெண் பிள்ளை, அதிலும் உடல் குறைபாடு உள்ள பிள்ளை, வெளியே அனுப்புவதா என்று தயங்குகிற தாய்மார்கள் இந்த மூன்று பெயரையும் நினைவில் வைக்க வேண்டும்.

ஆனால் 29 எங்கே, 2 கோடியே 68 லட்சம் எங்கே? மற்றவர்களுக்கு வேண்டியது பதக்கம் அல்ல. பள்ளிக்கூடத்தில் ஒரு இடம். கையில் ஒரு சான்றிதழ். கடையில் ஒரு வேலை. தெருவில் தலைநிமிர்ந்து நடக்கிற மரியாதை. மாரியப்பனின் கதையை இந்தப் பிள்ளைகளிடம் சொல்லி, “பார், அவன் சாதித்தான், உன்னால் ஏன் முடியவில்லை?” என்று கேட்பது கொடுமை. இந்தக் கதையை அவர்களிடம் சொல்வதற்கு முன் நம்மிடமே சொல்லிக்கொள்ள வேண்டும். கேள்வி அவர்களுக்கு அல்ல, நமக்கு. நாம் என்ன முதல் போட்டோம்?

‘ஊனமுற்றோர்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘மாற்றுத்திறனாளி’ என்று தமிழக அரசு பெயர் வைத்தது. அலுவலகப் பலகை மாறியது. தெருவில் மாறியதா? இன்றும் எத்தனை வீடுகளில் பெண் பார்க்க வருகிறவர்கள் கண்ணில் படக்கூடாது என்று ஒரு பிள்ளையைப் பின்கட்டு அறையில் உட்கார வைக்கிறார்கள்? குடும்பத்தில் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால் ஒரு எண்ணைக் குறைத்துச் சொல்கிற வீடுகள் இல்லையா? மனதைத் தொட்டுச் சொல்லுங்கள்.

சட்டம் தந்திருப்பது

மாரியப்பன் அடிபட்ட காலத்தில் இல்லாத ஒரு சட்டம் இன்று இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016. 2017 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் உள்ளது. முன்பு 7 வகைக் குறைபாடுகள்தான் கணக்கில் வந்தன. இப்போது 21 வகை. 40 சதவீதமோ அதற்கு மேலோ பாதிப்பு உள்ளவர்களுக்கு:

6 வயது முதல் 18 வயதுவரை இலவசக் கல்வி பெறும் உரிமை.

அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீதத்துக்குக் குறையாத இடம்.

அரசுப் பணிகளில் 4 சதவீதத்துக்குக் குறையாத ஒதுக்கீடு.

தொழில், வியாபாரம் தொடங்குவதற்காகச் சலுகை விலையில் அரசு ஒதுக்கும் நிலத்தில் 5 சதவீதம்.

இவையெல்லாம் யாரும் போடுகிற பிச்சை அல்ல, உரிமை. ஆனால் உரிமைக்கும் ஒரு வாசல் உண்டு. அந்த வாசல், மருத்துவக் குழு தருகிற சான்றிதழும் அடையாள அட்டையும். அது இல்லாவிட்டால் சட்டம் புத்தகத்தில்தான் இருக்கும். பின்கட்டு அறையில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு அட்டை எப்படி வரும்? வெட்கப்பட்டு மறைக்கிற பெற்றோர், பிள்ளைக்குச் சேர வேண்டிய சொத்தைத் தாமே தள்ளிவிடுகிறார்கள்.

என்ன செய்யப்போகிறோம்?

இளைஞர்களே, உங்களுக்கு ஒரு வேலை. உங்கள் தெருவில், உங்கள் மஹல்லாவில் எத்தனை மாற்றுத்திறனாளிகள் இருக்கிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். பெயர், வயது, என்ன படிப்பு, சான்றிதழ் இருக்கிறதா இல்லையா. அவ்வளவுதான். இல்லாதவர்களை அடுத்த முகாமுக்கோ மாவட்ட அரசு மருத்துவமனைக்கோ வண்டியில் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போங்கள். வரிசையில் நீங்கள் நில்லுங்கள். அவர்களை நிழலில் உட்கார வையுங்கள். மாலையில் பந்து விளையாடப் போகும்போது, திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிற பையனையும் அழைத்துப் போங்கள். ராஜேந்திரன் ஆசிரியர் பார்த்த பார்வையை நீங்களும் பாருங்கள். செலவு ஒன்றும் இல்லை.

வணிகர்களே, உங்களுக்கு இரண்டு வேலை. முதலாவது, கடை வாசல். மூன்று படி ஏறித்தான் பல கடைகளுக்குள் போக வேண்டியிருக்கிறது. ஒரு ஓரத்தில் சாய்வாகச் சிமெண்ட் போட ஒரு கொத்தனாருக்கு ஒரு நாள் வேலை. சக்கர நாற்காலியில் வருகிறவரும் ஏறுவார், முழங்கால் வலிக்கிற பெரியவரும் ஏறுவார், குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு வருகிற தாயும் ஏறுவார். வாடிக்கையாளர் கூடுவார்களே தவிரக் குறைய மாட்டார்கள். பள்ளிவாசல், திருமண மண்டபம், நம் பள்ளிக்கூடங்கள் எல்லாவற்றின் படிக்கட்டையும் இதே கண்ணோடு ஒரு முறை பார்த்து வாருங்கள்.

இரண்டாவது, வேலை. பில் போட, கணக்கு எழுத, தொலைபேசியில் ஆர்டர் எடுக்க, தைக்க, பொட்டலம் கட்ட எத்தனையோ வேலைகள் உட்கார்ந்தபடியே செய்யக்கூடியவை. பத்துப் பேர் வேலை செய்கிற கடையில் ஒருவருக்கு இடம் கொடுங்கள். இரக்கப்பட்டுக் கொடுக்காதீர்கள். வேலையைச் சோதித்துப் பார்த்துக் கொடுங்கள். மற்றவர்களுக்குத் தரும் சம்பளத்தையே கொடுங்கள். கம்பி யாருக்கும் இறங்காது என்று பார்த்தோமே! இறக்கச் சொல்லி அவர்களும் கேட்கவில்லை. ஓடி வந்து தாண்டுவதற்கு இடம் விடுங்கள் என்றுதான் கேட்கிறார்கள்.

ஜமாஅத் பொறுப்பாளர்களுக்கும் ஒரு வார்த்தை. பல ஊர்களில் வட்டியில்லாக் கடன் கொடுக்கிறோம். திருமணத்துக்குக் கொடுக்கிறோம், கடை வைக்கக் கொடுக்கிறோம். விபத்தில் அடிபட்ட பிள்ளையின் வைத்தியத்துக்கும், செயற்கைக் கால் வாங்கவும், காது கேட்கும் கருவி வாங்கவும் அதில் ஒரு தனிப் பங்கை ஒதுக்குங்கள். 3 லட்சம் கடனைத் தனியாகச் சுமந்த அந்தத் தாயின் ஊரில் இப்படி ஒரு ஏற்பாடு இருந்திருந்தால் அவர் எத்தனை இரவு நிம்மதியாகத் தூங்கியிருப்பார்! நம் ஊரில் இன்று அப்படித் தூங்காமல் கிடக்கிற தாய் எந்தச் சாதியாக, எந்த மதமாக இருந்தால் என்ன? கடன் எல்லோர் தூக்கத்தையும் ஒரே மாதிரிதான் கெடுக்கிறது.

சகோதரர்களே, ஒரு தாய் கடன் வாங்கினார். ஓர் ஆசிரியர் உற்றுப் பார்த்தார். ஒரு பயிற்சியாளர் கையைப் பிடித்து அழைத்துப் போனார். இந்த மூவரில் ஒருவர் விலகியிருந்தாலும் மாரியப்பன் என்ற பெயர் இன்று உங்கள் காதுக்கு வந்திருக்காது. அப்படி வராமலே போன பெயர்கள் எத்தனை ஆயிரமோ!

லாபத்தில் பங்கு கேட்கிற கூட்டத்தில் நாம் இனியும் நிற்க வேண்டாம். நோட்டை இன்று இரவே எடுங்கள். முதல் பெயரை எழுதுங்கள்.